ஏட்டிலே பத்து விழுக்காடு! நாட்டிலே வாயிற்காப்பு!

கடன் இருவகைத்து. ஒன்று பொருட்கடன், மற்றொன்று நன்றிக்கடன். பொருட்கடனை மறந்தவனை வழக்குமன்றம் இழுக்கும். நன்றிக்கடனை மறந்தவனை இழுக்க எந்த மன்றமும் இல்லை. அதனாலேயே அரசுகள் பொருட்கடனுக்கு வட்டி கணக்கிடுகின்றன. நன்றிக்கடனுக்கு விழா எடுக்கின்றன.

திசம்பர்த் திங்கள் 7ஆம் நாள் கொடிநாள். 1949 முதல் ஆண்டுதோறும் அந்நாளில் சிறு தாட்கொடிகள் விற்கப்படுகின்றன. பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் காசு இடுகின்றனர். கொடியைச் சட்டையிற் குத்திக்கொள்கின்றனர். மாலைக்குள் அது கசங்கித் தெருவிற் கிடக்கிறது. அமைச்சர்கள் படைஞரின் ஈகத்தை வானளாவப் புகழ்கின்றனர். மறுநாட் காலை, இருபதாண்டுக் காலம் பனியிலும் மணலிலும் நின்ற ஒருவன், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாயிலில் தன் வேலைவாய்ப்புப் பதிவைப் புதுப்பிக்க நிற்கிறான். அவனைப் புகழ்வார் அங்கு எவரும் இலர்.

போரிடச் சென்றவனுக்கும் அவன் குடிக்கும் ஊர் கடன்பட்டிருக்கிறது என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. வீழ்ந்த மறவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் படிப்படியாக வகுத்துக் கூறுகிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாட்டரசின் தொல்பொருளாய்வுத் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. ஆநிரை மீட்டு மாண்டவனின் பெயரும் ஊரும் அக்கற்களில் இன்றும் நின்று பேசுகின்றன.

ஆயின், பண்டைத் தமிழர் கல் நட்ட அளவில் நின்றாரல்லர். வீழ்ந்தவனின் மனைவி மக்கள் பிழைக்க நிலமும் கொடுத்தனர். அந்நிலக்கொடைக்கு உதிரப்பட்டி என்று பெயர். நெய்த்தோர்ப்பட்டி என்னும் நற்றமிழ்ப் பெயரும் கல்வெட்டுகளில் உண்டு. நெய்த்தோர் என்பது குருதி. குருதிக்கு ஈடாக நிலம்! கல், புகழுக்கு, பட்டி, வயிற்றுக்கு. இரண்டும் சேர்ந்ததே பழந்தமிழர் முறை. இன்றைய இந்திய அரசோ கல்லை மட்டும் நடுகிறது. பட்டியை ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது.

அவ்வேட்டில் எழுதியிருப்பது யாது என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும்.

நடுவணரசின் குடிமைப் பணிகளில் முன்னாட் படைஞரை மீள அமர்த்துவதற்கான விதிகள் 1979இல் வகுக்கப்பட்டன. 'சி' பிரிவு எனப்படும் மூன்றாம் நிலைப் பணியிடங்களில் 10 விழுக்காடும், 'டி' பிரிவு எனப்படும் நான்காம் நிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடும் அவர்க்கு உரியன. நடுவணரசின் பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசுடைமை வைப்பகங்களிலும் இவ்வளவு 14.5 விழுக்காடும் 24.5 விழுக்காடும் ஆகும். இவற்றில் 4.5 விழுக்காடு போரில் உடலுறுப்பிழந்த படைஞர்க்கும், மாண்டவரின் குடும்பத்தார்க்கும் என ஒதுக்கப்பட்டது. அகவை வரம்பிலும் தளர்வு உண்டு. படையில் இருந்த காலத்தை அகவையினின்று கழித்து, மேலும் மூன்றாண்டு விட்டுக்கொடுப்பர். பத்தாம் வகுப்புத் தேறிப் பதினைந்தாண்டு படையிற் பணியாற்றியவனை, மூன்றாம் நிலைப் பணிகளுக்குப் பட்டம் பெற்றவனுக்கு நிகராகக் கொள்ளும் ஏற்பாடும் உண்டு.

எழுத்தளவில் இவை நல்ல விதிகளே. குறை காண்பார் எவரும் இவற்றின் சொல்லிற் குறை காணல் அரிது. குறை செயலில் உள்ளது.

2021ஆம் ஆண்டு சூன் முடிவில் எடுத்த கணக்கைப் பாருங்கள். நடுவணரசுத் துறைகள் 77. அவற்றுள் கணக்குக் கொடுத்தவை 34 மட்டுமே. கொடுத்த அந்த 34 துறைகளில் மூன்றாம் நிலைப் பணியாளர் 10,84,705 பேர். அவருள் முன்னாட் படைஞர் 13,976 பேர். பத்து விழுக்காடு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது 1.29 விழுக்காடு! நான்காம் நிலையில் 20 விழுக்காட்டிற்கு மாறாக இருந்தது 2.66 விழுக்காடு. கணக்குக் கொடுத்த 94 பொதுத்துறை நிறுவனங்களில் மூன்றாம் நிலையில் 1.15 விழுக்காடு, நான்காம் நிலையிலோ 0.3 விழுக்காடு. துமுக்கி பிடித்துப் பழகியவர்க்கு இயல்பாகவே பொருந்தும் நடுவண் ஆய்தக் காவற்படைகளின் மூன்றாம் நிலையிற்கூட, அவர்தம் பங்கு அரை விழுக்காட்டையும் எட்டவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது ஊரறிந்த பழமொழி. இங்கே சுரைக்காய் ஏட்டிற்கூட முழுதாக இல்லை. பாதிக்கு மேற்பட்ட துறைகள் கணக்கையே காட்டவில்லை.

இவ்விருளில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. அஃது அரசுடைமை வைப்பகம். கணக்குக் கொடுத்த 13 வைப்பகங்களில் மூன்றாம் நிலைப் பணியாளருள் 9.10 விழுக்காட்டினரும், நான்காம் நிலையில் 21.34 விழுக்காட்டினரும் முன்னாட் படைஞர். இதனை எடுத்துக்காட்டி மகிழ்வார் உண்டு. ஆனால் இந்த எண்ணிக்கையின் பின்னால் நிற்பவர் யார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். எந்த வைப்பகத்தின் வாயிலுக்குச் சென்றாலும் துமுக்கியொடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் காவலரைக் காணலாம். அவர் பெரும்பாலும் முன்னாட் படைஞர். ஆய்தக் காவலர் பணிக்கு முன்னாட் படைஞரையே எடுக்கும் வழக்கம் வைப்பகங்களில் உண்டு. ஆகவே, விளக்கு எரிந்த இடமும் பெரிதும் வாயிற்படியே.

காவற்பணி இழிந்த பணி என்று இங்குக் கூறவில்லை. உழைத்து உண்ணும் எப்பணியும் உயர்ந்ததே. ஆனால், படை என்பது துமுக்கி மட்டுமா? படையிலே ஊர்தி ஓட்டியவன் உளன். பொறி பழுதுபார்த்தவன் உளன். வானொலிக் கருவியை இயக்கியவன் உளன். மலையிடுக்கிற் பாலம் கட்டியவன் உளன். புண்பட்டவர்க்கு மருந்திட்டவன் உளன். பண்டக சாலையில் ஆயிரம் பொருள்களுக்குக் கணக்கு வைத்தவன் உளன். இருபதாண்டு கற்ற இத்துணைத் தொழிலும் சீருடையைக் கழற்றிய அன்றே ஒழிந்துபோயினவா? பாலம் கட்டிய கைக்கும் பொறி திருத்திய கைக்கும் அரசு கண்ட ஒரே இடம் வாயில் நாற்காலிதானா? தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமே திருவள்ளுவர் வகுத்தார். ஒருவனின் திறம் யாதென ஆய்ந்து அதற்குரிய வினையில் அவனை வைத்தல் அரசின் கடன் என்பது அதன் கருத்து. திறத்தை ஆயாமல் எல்லாரையும் ஒரே வாயிலில் நிறுத்துவது தெரிந்து வினையாடல் ஆகாது.

இடங்கள் ஏன் நிரம்பவில்லை என்று கேட்டால், 'தகுதியுடையார் வரவில்லை' என்பதே துறைகள் எளிதிற் கூறும் விடை. இவ்விடை அரை உண்மை. அரை உண்மை முழுப் பொய்யினும் தீது.

தகுதி என்று துறைகள் கேட்பது பெரும்பாலும் குடிமைப் பள்ளியும் தொழிற்பயிலகமும் தரும் சான்றிதழை. படைஞனிடம் இருப்பதோ படை தந்த சான்றிதழ். இரண்டையும் நிகர்ப்படுத்தும் ஆணைகள் இருப்பினும், பணியமர்த்தும் அலுவலர் மேசைக்கு அவை எட்டுவதில்லை. மீள்குடியமர்த்த இயக்ககம் ஓய்வு பெறுவார்க்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. இருபதாண்டு வாழ்வை மாற்றிக்கொள்ள அக்குறும்பயிற்சி போதுமா? இதற்கும் மேலாக, தகுந்த படைஞர் கிடைக்காவிடில் அவ்விடத்தைப் பிறர்க்கு வழங்கிவிடலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. நிரப்பாமல் விட்டால் தண்டனை இல்லை; தேடி நிரப்பினால் பாராட்டும் இல்லை. இந்நிலையில் எந்த அலுவலர் தேடுவார்?

மொழியும் ஒரு தடை. நடுவண் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகள் நெடுங்காலம் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே நடந்தன. பல்பணி உதவியாளர் தேர்வு தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளுக்கு 2023இலேதான் வந்தது. ஆய்தக் காவற்படைக் காவலர் தேர்வு 2024இல் வந்தது. 1979இல் உரிமை எழுதப்பட்டது. அவ்வுரிமையைத் தன் தாய்மொழியிற் கேட்கத் தமிழ்ப் படைஞன் நாற்பத்து நான்கு ஆண்டு காத்திருந்தான். அதற்குள் எத்துணைப் பேர் அகவை கடந்து போயினர் என்பதற்குக் கணக்கு ஏது?

இனி, இவ்வொதுக்கீடே வேண்டா என்பாரின் கூற்றுகளையும் நடுநின்று ஆய்தல் முறை.

'படைஞர்க்கு ஓய்வூதியம் உண்டு. வேலையற்ற இளைஞர் இலக்கக் கணக்கில் நிற்க, ஊதியம் பெறுவானுக்கே மற்றோர் ஊதியமா?' என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி கொடியதன்று, பசித்தவன் கேட்கும் கேள்வி. விடை இது: படைஞன் தானாக விரும்பி இளமையில் ஓய்வு பெறவில்லை. படை இளமையொடு இருத்தல் வேண்டும் என்பதற்காக அரசே அவனை வெளியேற்றுகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் முப்படைகளினின்றும் வெளியேறுகின்றனர். அவருட் பெரும்பாலார் 35க்கும் 45க்கும் இடைப்பட்ட அகவையினர். அலுவலக எழுத்தர் அறுபது அகவை வரை முழு ஊதியம் பெறுகிறார். படைஞனோ, பிள்ளைகள் பள்ளியிற் படிக்கும் காலத்திலேயே அரை ஊதியத்திற்கு இறங்கிவிடுகிறான். அவன் இழந்த இருபது ஆண்டை அரசு ஈடு செய்தல் கொடையன்று, ஒப்பந்தத்தின் மறுபாதி.

'இவ்வொதுக்கீடு பிற்படுத்தப்பட்டார், தாழ்த்தப்பட்டார் இடங்களைப் பறித்துக்கொள்ளுமே' என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சத்திற்கு இடமில்லை. 1992ஆம் ஆண்டு மண்டல் வழக்கின் தீர்ப்பில், வகுப்பு ஒதுக்கீடு நெடுக்கு வகை, பிற சிறப்பு ஒதுக்கீடுகள் கிடை வகை என உச்ச முறைமன்றம் பிரித்துக் காட்டியது. படைஞர் ஒதுக்கீடு கிடை வகையைச் சார்ந்தது. தேர்வு பெறும் படைஞன் தாழ்த்தப்பட்ட வகுப்பினனாயின் அவ்வகுப்பின் இடத்திலும், பிற்பட்ட வகுப்பினனாயின் அவ்வகுப்பின் இடத்திலுமே வைத்து எண்ணப்படுவான். ஆகவே குமுகாய நயன்மைக்கு இதனால் ஊறில்லை.

மூன்றாவது கூற்று பெண்டிரைப் பற்றியது. இதற்கு விடை கூறுதல் எளிதன்று. அமெரிக்க ஒன்றிய நாட்டில் இக்கேள்வி உச்ச முறைமன்றம் வரை சென்றது. அங்கே படைஞர்க்கு முன்னுரிமை வழங்கும் வழக்கம் உள்நாட்டுப் போர் முடிந்த 1865இலேயே தொடங்கியது. 1944இன் சட்டம் தேர்வு மதிப்பெண்ணொடு படைஞர்க்கு 5 மதிப்பெண்ணும், ஊறுபட்டவர்க்கு 10 மதிப்பெண்ணும் கூட்டிக் கொடுத்தது. மாசச்சூசெட்சு மாநிலமோ ஒருபடி மேலே சென்றது. தேர்வில் தேறிய படைஞர் எவரும், எத்துணை உயர்ந்த மதிப்பெண் பெற்ற பிறர்க்கும் முன்னால் வைக்கப்பட்டனர். அவ்வுரிமை வாழ்நாள் முழுதும் நீடித்தது.

அம்மாநிலத்தில் பீனி என்னும் அம்மையார் 1963 முதல் அரசுப் பணியில் இருந்தார். 1971இல் ஒரு பதவிக்கான தேர்வில் இரண்டாவது உயர்ந்த மதிப்பெண் பெற்றார். ஆனால் பட்டியலில் ஐந்து ஆண் படைஞர்க்குப் பின் ஆறாமவராக வைக்கப்பட்டார். 1973இல் மற்றொரு தேர்விலும் பட்டியலில் பன்னிரண்டு ஆண் படைஞர்க்குப் பின் வைக்கப்பட்டார். வழக்குத் தொடுத்தார். அம்மாநிலத்துப் படைஞருள் 98 விழுக்காட்டினர் ஆடவர். பெண்கள் படையில் இரண்டு விழுக்காட்டிற்கு மேற் சேரலாகாது என்று அந்நாட்டுச் சட்டமே 1967 வரை தடுத்திருந்தது. வாயிலை அடைத்துவிட்டு, 'நீ உள்ளே வரவில்லையே' என்று கேட்பது போன்றது இது. எனினும், சட்டத்தின் நோக்கம் பெண்களைத் தாழ்த்துவதன்று எனக் கூறி, 1979இல் எழுவர் இருவர் என்னும் கணக்கில் உச்ச முறைமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. மார்சல், பிரெனன் என்னும் இரு நடுவர் மட்டும் மாறுபட்டனர்.

இந்தியா தன் விதிகளை வகுத்ததும் அதே 1979ஆம் ஆண்டே. இரண்டையும் ஒப்பிட்டால், இந்திய முறையே மேல். மாசச்சூசெட்சு முறை பிறர்க்குரிய வரிசை முழுவதையும் பின்தள்ளியது. இந்திய முறை ஒரு பங்கை மட்டும் வரையறுத்து, மற்றவற்றைப் பொதுவில் விட்டது. ஆயினும் பெண்டிர் பற்றிய கேள்வி இங்கும் உண்டு. இந்தியத் தரைப்படையின் காவற்பிரிவிற் படைஞராகச் சேர 2019இலேயே பெண்களுக்கு வழி திறந்தது. ஆகவே, நெடுங்காலத்திற்கு இவ்வொதுக்கீடு ஆடவர் பங்காகவே இருக்கும். போரிற் கணவனை இழந்த கைம்பெண்டிர்க்கு இதில் முதலிடம் கொடுத்தால் மட்டுமே இக்குறை ஓரளவு நீங்கும். நெய்த்தோர்ப்பட்டி வீழ்ந்தவனின் குடிக்கே கொடுக்கப்பட்டது என்பதை ஈண்டு நினைத்தல் வேண்டும்.

நான்காவது கூற்று தமிழுணர்வாளரிடையே மெல்லெனக் கேட்பது. 'தில்லியின் படைக்குப் போனவனுக்குத் தமிழர் ஏன் பரிய வேண்டும்?' வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைச் சென்று பார்த்தவர் இக்கேள்வியைக் கேளார். வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பியதால் இராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற ஊர் அது. அங்கிருந்து சென்றவர் பெருநிலக்கிழாரின் மக்களல்லர், அமைச்சரின் மக்களுமல்லர். உழவனின் மகனும் கூலியாளின் மகனுமே படைக்குச் செல்கின்றனர். அவர்களை அனுப்பியது கொள்கையன்று, குடும்பநிலை. தில்லி அரசைப் பற்றி எவர் எக்கருத்துக் கொண்டிருப்பினும், அவ்வரசு ஒரு தமிழ்க்குடிமகனுக்கு எழுதிக் கொடுத்த உரிமையை மறுக்கும்போது வாய்மூடி நிற்றல் தமிழ்த் தொண்டாகாது.

பழைய கடன் இவ்வாறு கிடக்க, புதிய கடன் ஒன்றும் எழுந்துள்ளது. 2022 சூனில் நடுவணரசு 'அக்கினிபாத்து' என்னும் திட்டத்தை அறிவித்தது. தீவழி என்று பொருள்படும் வடசொற் பெயர் அது. பதினேழரை அகவை முதல் படைக்கு எடுக்கப்படும் இளைஞர் நான்கே ஆண்டு பணியாற்றுவர். நூற்றுக்கு 25 பேரை மட்டும் படை வைத்துக்கொள்ளும். எஞ்சிய 75 பேர் ஏறத்தாழ 11.71 இலக்கம் உருபாவொடு வெளியேறுவர். ஓய்வூதியம் இல்லை. முன்னாட் படைஞர் என்னும் தகுதியும் இல்லை. ஆகவே 1979இன் விதிகள் அவரைச் சாரா. எதிர்ப்பு எழுந்தபின், ஆய்தக் காவற்படைகளிலும் பாதுகாப்பு அமைச்சின் பணிகளிலும் 10 விழுக்காடு ஒதுக்குவதாக அதே சூனில் அறிவித்தனர்.

பத்து விழுக்காடு! இந்த எண்ணை முன்பே கேட்டதுண்டு அன்றோ? அதே காவற்படைகளில் முன்னாட் படைஞர்க்கென முன்னரே எழுதப்பட்டிருந்த பத்து விழுக்காடு எங்கே போயிற்று என்பதை மேலே கண்டோர், புதிய பத்து விழுக்காட்டை யாங்ஙனம் நம்புவர்? ஓய்வூதியமுள்ள தந்தைக்குக் கொடுத்த சொல்லைக் காவாத அரசு, ஓய்வூதியமில்லாத மகனுக்குக் கொடுத்த சொல்லைக் காக்கும் என்பதற்கு உறுதி யாது? 2022 இறுதியிற் பயிற்சிக்குச் சேர்ந்த முதற்குழுவின் நான்காண்டு 2026 இறுதியில் முடியும் கணக்கு. அப்பொழுது வெளிவருவோன் இருபத்திரண்டோ இருபத்தைந்தோ அகவையினன். தோழர் பட்டமும் தொழிலும் பெற்று நிற்க, இவன் கையில் ஒரு தொகையொடு ஊர் திரும்புவான். தொகை கரையும், அகவை கரையாது.

செய்யத்தக்கவை பெரியனவுமல்ல, பெருஞ்செலவினவுமல்ல.

ஒன்று: ஒவ்வொரு துறையும், எத்துணை இடம் படைஞர்க்கு உரியது, எத்துணை நிரம்பியது, ஏன் நிரம்பவில்லை என்பதை ஆண்டுதோறும் வெளியிடல் வேண்டும். கணக்குக் கொடாத துறையின் பெயர் பாராளுமன்றத்திற் படிக்கப்படல் வேண்டும். வெளிச்சம் பட்டால் பாதி நோய் தீரும்.

இரண்டு: நிரம்பாத இடத்தை உடனே பிறர்க்குக் கொடாமல், படைஞர்க்கென ஒரு தனித்தேர்வாவது நடத்திப் பார்த்தபின்னரே பொதுவில் விடுதல் வேண்டும்.

மூன்று: படைப்பணியின் இறுதி ஈராண்டில் குடிமைத் தொழிற்பயிற்சி கட்டாயமாதல் வேண்டும். படை தரும் தொழிற்சான்று, தொழிற்பயிலகச் சான்றுக்கு நிகரென எல்லாத் துறைகளும் ஏற்றல் வேண்டும். மின்துறைக்கும் போக்குவரத்துக்கும் மருத்துவமனைக்கும் பயின்ற கைகள் தேவை. அக்கைகளோ வாயிலில் துமுக்கியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

நான்கு: படைஞர்க்கான எல்லாத் தேர்வுகளும் அவரவர் தாய்மொழியில் நடத்தல் வேண்டும்.

ஐந்து: மாண்டவரின் மனைவியர்க்கு இவ்வொதுக்கீட்டில் முதலிடம் வேண்டும். நான்காண்டுப் படைஞர்க்கும் முன்னாட் படைஞர் என்னும் பெயரும் உரிமையும் வேண்டும். உயிரைக் கொடுக்கும் கடமை இருவர்க்கும் ஒன்றாயின், உரிமையும் ஒன்றாதலே முறை.

இவற்றைக் கேட்பது படைஞரின் வேலை மட்டுமன்று. தன் சட்டமன்ற உறுப்பினரிடமும் பாராளுமன்ற உறுப்பினரிடமும், 'உம் தொகுதியிலுள்ள நடுவணரசு அலுவலகத்தில் முன்னாட் படைஞர் எத்துணைப் பேர்?' என்று ஒவ்வொரு தமிழரும் கேட்கலாம். தகவலறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் உள்ளது. ஒரு தாளும் பத்து உருபாவும் போதும். கேட்பாரற்ற உரிமை காப்பாரற்ற பயிர். வேலி மேய்ந்ததா, ஆடு மேய்ந்ததா என்று வழக்காடுவதற்கு முன், பயிர்க்கு உரியவன் வரப்பில் வந்து நிற்றல் வேண்டும்.

அடுத்த கொடிநாளில் பிள்ளைகள் மீண்டும் உண்டியலில் காசு இடுவர். இடட்டும், அவர்தம் உள்ளம் தூயது. ஆனால் அவ்வுண்டியலை நீட்டும் அரசிடம் பெரியோர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: கல்லை நட்டீர், பட்டி எங்கே?